ஒரு கம்ப்யூட்டர், இரண்டு குடித்தனம்

ஜூன் 3, செவ்வாய்
வெயில், புழுதிக் காற்று. கடை திறந்ததும் மானிட்டரைத் துடைத்தேன்.
திருச்சுழியில் எங்கள் டைப்பிங் கடைக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர். வைரஸ் தொல்லை தாங்காமல் போன வாரம் லினக்ஸ் ஏற்றினேன். விண்டோஸை அழிக்க என் வீட்டுக்காரர் விடவில்லை; ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் தனித்தனியாக. "எம் பக்கம் எனக்கு, ஒம் பக்கம் ஒனக்கு." காலையில் அவர் விண்டோஸில், மதியம் நான் லினக்ஸில். ஃபைல்கள் மட்டும் இரண்டுக்கும் பொதுவான டிரைவில்.

ஜூன் 4, புதன்
பரளச்சி அண்ணாச்சி வந்தார். ஞாயிறு பேத்திக்குக் காதுகுத்து. ஃப்ளெக்ஸில் தாய்மாமன் ஐந்து பேர். "வரிசை மாறிடக் கூடாது தாயி. போன தடவ மூணாமத்தவன் பந்தியில உக்காராமப் போயிட்டான்."
வீட்டுக்காரர் டைப் அடித்துப் பொது டிரைவில் போட்டார்.

ஜூன் 5, வியாழன்
என் பக்கம் திறந்தால் மாமன்மார் எல்லாம் கோழி கிண்டிய இங்கிலீஷ் எழுத்து. பழைய தமிழ் ஃபான்ட் விண்டோஸில் மட்டும். அந்நேரம் பார்த்து அண்ணாச்சி. "இது யாரு தாயி? நம்ம வகையறால இப்படிப் பேரே கெடையாதே."
வீட்டுக்காரரிடம் ஃபான்டைப் பொதுவில் போடச் சொல்லி, என் பக்கம் ஏற்றினேன். பெயர்கள் தமிழாயின. வரிசை தப்பு! திருத்தினேன். சேவ் ஆகவில்லை.
நெட்டில் தேடினேன். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாதாம், அரைத்தூக்கம்; மறுபடி சீக்கிரம் ஆனாக ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒரு வசதியாம். அது அப்படித் தூங்கும்வரை பொது டிரைவை நான் படிக்கலாம், எழுத முடியாது.
"அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப எடுத்துவிடுங்க."
"எடுத்தா ஆனாக லேட்டாகும். ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு வச்சது நீதான?"
அவர் பக்கம் போய்த் திருத்தலாம். போக மாட்டேன்.

ஜூன் 6, வெள்ளி
பேச்சுவார்த்தை இல்லை.
மதியம் பொது டிரைவில் புது ஃபைல். பெயர்: சாப்பாடு எங்க.
பதில் ஃபைல் வைக்கப் போனேன். சேவ் ஆகவில்லை! வாயால் சொல்லலாம்தான். முதலில் பேசினால் தோற்ற மாதிரி. சாப்பாட்டுத் தூக்குவாளி மேஜைக்கு அடியில்தான் இருந்தது. அவர் வாசலில் நின்று பன் தின்றார்.

ஜூன் 7, சனி
மதியம் சும்மா அமுக்கிப் பார்த்தேன். சேவ் ஆனது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அவரேதான் எடுத்துவிட்டிருக்கிறார். வரிசையைத் திருத்தி, "ராத்திரிக்குக் கத்திரிக்கா கொழம்பு" என்று ஒரு ஃபைலும் வைத்தேன். அவர் ஃப்ளெக்ஸ் அடிக்கப் பென் டிரைவோடு அருப்புக்கோட்டை பஸ் ஏறினார்.

ஜூன் 8, ஞாயிறு
காதுகுத்துக்கு இருவரும் போனோம். மூன்றாவது மாமன் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பந்தியில் அவருக்கு இரண்டு தடவை பாயசம்.
திரும்பும் பஸ்ஸில் இவர், ஜன்னலைப் பார்த்தபடி:
"ஒம் பக்கத்துல சீட்டு வெளையாட்டு இருக்காமே?"
"இருக்கு."
"கடன் வாங்கிக்கிறலாமா?"
"அது பொதுவுல வராது. எம் பக்கம்தான் வரணும்."
"நாளைக்கு வாரேன்."