அமாவாசைக்கு நீ எழுதிய அளவுகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உன்மேல் அவ்வளவு கோபம். செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம், அண்ணி சொல்கிறார்.

முத்துப்பேட்டை முகத்துவாரத்தில் நாம் நட்ட அளவுக்கம்பம் இன்னும் நிற்கிறது. புயல் வந்தால் கடல்நீர் ஊருக்குள் எதுவரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம் கம்பத்தில் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதித் தந்தவன் நீ. நாலு வருடம், ஒரு நாள் விடாமல். என் ஆபீஸே அசந்துபோனது.

நீ போன பிறகு வந்த முதல் ஐப்பசியில், அமாவாசையன்று புயல் கரையைக் கடந்தது. தண்ணீர் வாய்க்கால் கரையைத் தாண்டாது என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். தாண்டியது. சம்பா வயலெல்லாம் உப்புத்தண்ணீர். கரையோரம் குடியிருக்கும் செல்வராசு சித்தப்பாவின் ஆடுகள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. போனில் அவர் கத்தவில்லை. "நீ சொன்னதாலதாம்மா அவுத்து விடாம முகாமுக்கு வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

எங்கே தப்பு என்று நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். அண்ணி எட்டிப் பார்த்தார். "அமாவாசைக்கு ஏது கண்ணு அளவு? அன்னைக்கு யாரு படகு எடுக்குறா? மாமாவுக்குப் படையல் போட்டுட்டு உங்கண்ணன் வூட்லதான இருப்பாரு."

புரட்டினேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் முந்தின பௌர்ணமியின் அளவு, அப்படியே. இரண்டும் கடல் பொங்கும் நாள்தான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல அண்ணே, அந்த அமாவாசையில் நீர் அதைவிட உயரம். கட்டத்தைச் சும்மா விட்டிருக்கலாமே. பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய்.

"ஒரு நாள் விட்டாலும் எல்லாம் வீணாப்போயிடும்ணே" என்று நான் போட்ட போட்டில் பயந்துவிட்டாயா? நானும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே. அமாவாசைக்கு நம் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? நோட்டு நிறைந்திருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அங்கே இதைச் சொல்லப் போகிறேன். போனவர் பெயரை இழுக்காதே என்று அண்ணி அழுகிறார். இழுப்பேன். உன் பெயரோடு என் பெயரையும் சேர்த்தே சொல்வேன், சித்தப்பா முகத்தைப் பார்த்து. இனி அமாவாசைதோறும் கம்பத்தருகே நான் நிற்பேன். அன்று அப்பாவோடு உனக்கும் படையல் உண்டு. நான் வர நேரமாகும், காத்திரு.

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் விட்ட தங்கை,
கயல்விழி