வேலி அடைக்க ஒரு மாத லீவு

கொழும்பு

அன்புள்ள சத்தியபாமாவுக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோ எப்படி? போனில் சொன்னால் சிரிப்பீர். அதனால் கடையில் பில் போடும் நிலாந்தியைக் கொண்டு எழுதுவிக்கிறேன்.

எங்கள் வேலியைக் குலசேகரம் அடைத்துத் தந்ததாகச் சொன்னீர். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன் உம்மைப் பெண் கேட்டு வந்தவர் அவர். அன்று பச்சைக்கரை வேட்டி கட்டியிருந்தவர். நேற்று முதலாளியிடம் ஒரு மாத லீவு கேட்டேன்.

"ஒரு மாசம் எதுக்கு அண்ணை?"

"வேலி அடைக்க."

"போன கிழமை அடைச்சாச்சு எண்டனீங்கள்?"

"ஓம் தம்பி, அதைப் பிரிச்சுப்போட்டு அடைக்கவேணும்."

சிரித்துக்கொண்டே தந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறேன். பனையோலை வாங்கி வையும், குலசேகரத்திடம் வேண்டாம். நிலாந்திக்கு பஸ்ஸுக்கு நேரமாம்.

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது சரி. என் கதிரையிலா இருத்தினீர்?

உமது
தம்பையா