வலது மூலைக் காய்

வியாழன்.

தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் இன்றும் நானும் எங்கள் கல்லூரி இயற்பியல் சாரும்தான் ஜோடி. சார் சிவப்புக் காயை, அதாவது ‘ரெட்’டை, குழியில் போட்டுவிட்டார். அது கணக்கில் சேர, அடுத்து எங்கள் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும். எங்கள் வெள்ளைக் காய் வலது மூலைக் குழியின் வாயிலேயே நின்றது. அதை விட்டுவிட்டுத் தூரத்துக் காயை அடித்துத் தவறவிட்டார். ஜோடிக்காரன் வாய் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா சார், கண்ணெதிர்லயே கீது, வுட்டுட்டியே!” என்று எதிரணியில் ஆடிய பாய் சிரித்தார்.

வெளியே வந்ததும் சார் சொன்னார்: “வலது பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியலடா. கொஞ்ச நாளாவே இப்படித்தான். காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லிடாத.”

தலையாட்டினேன்.

“நாளைக்கு எண்ணூர்ல மேட்ச். என் பைக்லயே போயிடலாம், நீ பின்னாடி உக்காந்துக்கோ.”

அந்த ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள். எல்லாம் வலது பக்கமாகத்தான் உரசிக்கொண்டு முந்தும்.

“சரி சார்” என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.