மூன்றாவது சர்வரை நீ தடுத்த காலை

இன்று புதிய சர்வரின் பெட்டியைப் பிரித்தோம். நுரைப்பஞ்சும் புது இரும்பும் கலந்த அந்த வாடை அறையில் பரவியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேறு வேறு கம்பெனிகளுக்குப் போன பிறகும், இப்படி ஒரு வேலை வந்தால் நாம் போன் செய்து பேசிக்கொள்வோம். மருத்துவமனையில் படுத்திருந்தபோதுகூட, "அந்த சர்வர் என்னாச்சு?" என்றுதான் கேட்டாய். உன்னிடம் பேசாமல் இதைச் செய்வது இதுதான் முதல் தடவை.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நம் அலுவலகம். பங்கு விலைகளை இணையத்தில் காட்டுவது தொழில். நீ கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவாய், நான் செந்தூலிலிருந்து பஸ்ஸில். நம்மிடம் இரண்டு சர்வர்கள். வருகிறவர்களை அவற்றுக்குப் பங்கிட்டு அனுப்ப முன்னால் ஒரு லோட் பேலன்சர். கூட்டம் தாங்காமல் இரண்டும் திணறியதால்தான் மூன்றாவதை வாங்கினார்கள்.

அன்று சந்தை திறந்து விலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் உள்ளே வந்தார்.

"இன்னும் என்ன பார்க்குறீங்க? அதான் பேலன்சர்ல பச்சையா காட்டுதே, போட்டு விடுங்க லா. கஸ்டமர் போன் அடிச்சுத் திட்டுறான்."

நீ திரும்பினாய். "பாஸ், மெஷின் உயிரோட இருக்கான்னு மட்டும்தான் பேலன்சர் கேட்குது. காட்டுற விலை சரியான்னு கேட்கல. பார்க்காம விடமாட்டேன்."

"புது சாமான்மா அது!"

"அதான் பாஸ் பயம்."

அவர் குரல் உயர்ந்தது. "உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள் போடுவோம்." அந்த வேற ஆள் நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்து உன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

வாடிக்கையாளர்கள் யாரும் போகாத அந்தப் புதிய சர்வரை நீ நேராகத் திறந்தாய். பக்கம் பளிச்சென்று வந்தது. மேனேஜர் முகத்தில் சிரிப்பு. பழைய சர்வரின் பக்கத்தையும் அருகில் திறந்து, வரிவரியாக விரலை ஓட்டினாய். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பாஸ், இது நேத்து விலை."

நேற்று பழைய சர்வரிலிருந்து நகலெடுத்துப் போட்டதோடு சரி, விலைகளை அனுப்பும் இணைப்பை அந்த சர்வருக்கு யாரும் கொடுக்கவேயில்லை. அவர் சொன்னபடி போட்டிருந்தால், மூன்றில் ஒருவர் நேற்றைய விலையை நம்பி விற்றிருப்பார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

இணைப்பைச் சரிசெய்த பிறகும் நீ அவசரப்படவில்லை. முதலில் கொஞ்சம் பேரை மட்டும் அதற்கு அனுப்பினாய். பிழை வருகிறதா என்று பார்த்தாய். பிறகு கூட்டினாய். "ஏதாச்சும் ஆச்சுன்னா உடனே வெளிய எடுத்துடணும். கட்டளைய டைப் பண்ணி வச்சுக்கோ, என்டர் மட்டும் தட்டாதே," என்று என்னிடம் சொன்னாய். மூன்றும் சமமாகச் சுமக்கும்வரை என் விரல் அந்த விசையின் மேலேயே இருந்தது. தட்டவேண்டி வரவில்லை.

நாளைக் காலை புதியதைச் சேர்க்க வேண்டும். இங்கே என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மறுபடி மறுபடி திறந்து பார்க்கிறேன். உன் சந்தேகம் முழுவதும் என்னிடம் வந்து தங்கிவிட்டது. "போதும்டி, எழுந்திரு, சாப்பிடப் போலாம்" என்று சொல்லத்தான் ஆளில்லை.