குறிப்புக்குக் கணு இல்லை

2025 ஜூலை 2, புதன்

"ஒட்சிசன் நாலுக்குக் குறைவு என்றால் மூன்றாம் சக்கரத்தைப் போடு, இல்லாவிட்டால் நிறுத்து."

மனிதருக்கு இது ஒரு வசனம். எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலருக்கு இது ஒரு மரம். உச்சியில் "என்றால்" என்று ஒரு கணு. அதற்கு மூன்று பிள்ளைகள்: கேட்கிற கேள்வி, ஓம் என்றால் செய்கிற வேலை, இல்லை என்றால் செய்கிற வேலை. கேள்விக்குள் இறங்கினால் "குறைவு" என்று இன்னொரு கணு. அதன் இடப்பக்கம் ஒட்சிசன், வலப்பக்கம் நாலு. அதோடு அந்தக் கிளை முடிகிறது. மரம் என்று பேர்தான், வளர்வதோ தலைகீழாக.

பகலில் கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை. இது பின்னேரத்து வேலை, சாஹுல் ஹமீது நானாவின் இறால் பண்ணைக்கு. குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரங்கள் எப்போது ஓட வேண்டும் என்பதைப் பண்ணை ஆட்களே தமிழில் எழுதுவதற்கு ஒரு சின்ன மொழி. "துடுப்பு" என்று பேர் வைத்தேன். போன வருசத்திலிருந்து ஓடுகிறது. ஓடினாலும் அதை நோண்டாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

தங்கச்சி ரம்ஸியா பள்ளிக்கூடத்தால் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "இந்த ஒரு வரிக்கா நேத்துல இருந்து குந்திக்கொண்டிருக்கிறீங்க, தாத்தா?" அக்காவுக்கு எங்கள் வீட்டில் தாத்தா என்றுதான் பேர். ஓம், இந்த ஒரு வரிக்குத்தான்.

ஜூலை 5, சனி

மதுரங்குளியிலிருந்து பஸ்ஸில் போய், சந்தியில் இறங்கி, கடலோரக் களப்புப் பக்கம் த்ரீவீலில் பண்ணைக்குப் போனேன். பம்புக் கொட்டிலில், சக்கரங்களை இயக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தொடுதிரை டெப் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. விதிகள் எல்லாம் அதில்தான்.

திறந்து பார்த்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு வரி இடப்பக்கம் ஒட்டி, அடுத்தது நடுவில், தேவையில்லாத இடத்திலெல்லாம் அடைப்புக்குறி. அது போதாதென்று # போட்டு எழுதிய குறிப்புகள். # போட்ட வரியைக் கம்பைலர் வாசிக்காது, விதிக்கு விளக்கம் எழுதப் பாவியுங்கள் என்று போன வருசம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இவர்கள் எழுதியிருப்பது தின்கிற பாணும் நண்டும் சாவியும்:

# பாண் முடிஞ்சுது
# ரெண்டாம் குளத்து வலைய நண்டு வெட்டியிருக்கு
# மாமா பெட்டிச் சாவி யன்னலுக்கு மேல

கடைசி வரி கிளைட்டனுடையது. பின்னேர முறைக்காரன். மாமா என்பது மனுவேல், காலை முறைக்காரர், கிளைட்டனின் தாயுடைய அண்ணன். "விதிக் கோப்பு என்ன சுவரா, கண்டதையெல்லாம் எழுத?" என்று கேட்டேன். கிளைட்டன் சிரித்தான். "முந்தி ஆள் மாறக்குள்ள ரெண்டு பேரும் கண்டு கதைப்பம், மிஸ். இப்ப உங்கட பெட்டிதானே சக்கரத்தைப் பாக்குது. நான் போய்க் கன நேரத்துக்குப் பிறகுதான் மாமா வாறவர். கடலால வந்து நேரா இங்க. ஃபோனும் கொண்டு வாறல்ல."

அது நியாயம்தான். ஆனாலும் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

கோப்பின் வரிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஒரு சீராக்கி எழுதத் தொடங்கினேன். எழுத்திலிருந்து மரம் ஏற்கனவே வருகிறது. இனி மரத்திலிருந்து திரும்ப எழுத்து.

ஜூலை 14, திங்கள்

முடிந்தது. டெப்பில் யாராவது "சேமி" என்று அமத்தினால் கோப்பு முதலில் மரமாகும். பிறகு சீராக்கி மரத்தின் மேலிருந்து கீழாக நடந்து, ஒவ்வொரு கணுவையும் ஒழுங்கான இடைவெளியோடு திரும்ப எழுதும். பழைய எழுத்து இருந்த இடத்தில் புதியது உட்காரும்.

அடைப்புக்குறிகள் தானாகவே தொலைந்தன. அவற்றுக்கு மரத்தில் கணு கிடையாது, எது எதற்குள் அடங்கும் என்பதை மரத்தின் வடிவமே சொல்லிவிடுகிறது. இடைவெளிக்கும் கணு இல்லை. மரத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். சளசளப்பெல்லாம் போய், சொல்ல வந்தது மட்டும் நிற்கும். மனிதருக்கும் இப்படி ஒன்று செய்யலாம் என்று ரம்ஸியாவிடம் சொன்னேன். "உங்களுக்கு ஏற்கனவே செய்தாச்சு" என்றாள்.

சோதனைகள் எல்லாம் பச்சை, பிழை ஒன்றும் இல்லை. சீராக்க முன்னும் பின்னும் பெட்டிக்குப் போகிற கட்டளைகள் ஒன்றே. இங்கிருந்தே பண்ணைக்கு ஏற்றிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

மனுவேலுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. மூன்றாம் சக்கரம். புத்தளம் ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லையாம்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாஹுல் நானா அழைத்தார். மூன்றாம் சக்கரத்தின் மோட்டாரில் கரண்ட் கசிந்திருக்கிறது. மனுவேல் பாசி எடுக்க இறங்கி இரும்புத் தூணைப் பிடித்திருக்கிறார். பிடித்த கை விடவில்லை. பக்கத்துக் குளத்து ஆள் ஓடி வந்து மெயினை அணைத்ததால் தப்பினார். வலக்கை வெந்துவிட்டது.

"கிளைட்டனுக்கு முதல் நாள் பின்னேரமே தெரியுமாம், தங்கச்சி. சக்கரத்த நிப்பாட்டினா இறால் செத்திரும் எண்டு ஓட விட்டுப்போட்டு, டெப்பில எழுதி வச்சனான் எண்டு சத்தியம் பண்ணுறான். தூணத் தொட வேணாம், மெயின அணைச்சிட்டு இறங்குங்க மாமா எண்டு எழுதினானாம். நான் பாக்கக்குள்ள ஒண்டும் இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். நாலு குளத்துக் கோப்பும் பளிச்சென்று இருந்தன. ஒரு # கூட இல்லை.

"எழுதினால் இருக்கும், நானா. இல்லை என்றால் எழுதவில்லை."

"பாண் சொல்லி எழுதினதும் காணல்ல எண்டு நேத்து முறைப்பட்டவன்."

"அதையும் எழுதியிருக்க மாட்டான்."

நான் போன தடவை சொன்னதைக் கேட்டுக் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வருத்தமாக இருந்தது, ஆனால் சந்தேகம் வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

கிளைட்டனை நிறுத்திவிட்டார்கள். சொந்த மாமனைச் சாகவிடப் பார்த்தான் என்று ஊரெல்லாம் கதையாம். அவர்கள் பள்ளிவாசல்துறைப் பக்கம், இரண்டு வீடும் ஒரே வளவு. மனுவேலின் மனைவி மக்தலேனா அவனை இனி வாசல் மிதிக்காதே என்றிருக்கிறார்.

கம்பனி வேலை நிறைய இருக்கிறது.

ஜூலை 26, சனி

இதை எழுத வேண்டும்.

பின்னேரம் துடுப்பில் "திரும்பச் செய்" என்ற கணுவைத் திருத்திக்கொண்டிருந்தேன். அஸர் தொழப் போகுமுன், விட்ட இடம் நினைவிருக்கட்டும் என்று சோதனைக் கோப்பில் # போட்டு ஒரு வரி எழுதினேன்: "இங்கிருந்து தொடங்கு, இலக்கத்தைப் பார்." சேமித்துவிட்டு எழும்பினேன். தொழுதுவிட்டு வந்து திறந்தால் வரி இல்லை.

நான் எழுதவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் கையால் எழுதியதையே.

பிறகு திரும்ப எழுதினேன். சேமித்தேன். திறந்தேன். இல்லை.

கம்பைலர் # வரியை வாசிக்காது. வாசிக்காததால் அது மரத்துக்குள் போகாது. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மாதிரி வெளியே கிடக்கும். பெட்டிக்குக் கட்டளை மட்டும் அனுப்பிய காலத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை, எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருந்தது. சீராக்கி வந்த பிறகு கோப்பையே மரத்திலிருந்துதான் எழுதுகிறேன். மரத்தில் இல்லாதது கோப்பில் எப்படி இருக்கும்? குறிப்புக்கு நான் கணு வைக்கவேயில்லை.

சோதனைகள் ஏன் பச்சை? கட்டளைகளை மட்டும்தான் ஒப்பிட்டேன். குறிப்பு கட்டளை இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

என்ன செய்து வச்சிருக்கிறாய், ஸுஹைரா? என்னையேதான் கேட்கிறேன்.

அவன் எழுதினான். தூணத் தொட வேணாம் மாமா எண்டு எழுதிச் சேமி எண்டு அமத்தினான். அமத்தினவுடனே திரை முதல் பக்கத்துக்குப் போயிரும், அதுவும் நான் செய்த வேலைதான் — அதால அவனுக்கு அழிஞ்சது தெரியாது. பாண் கதை காணாமப் போனத அவன் சொல்லியும் இருக்கிறான். கேட்டேனா? எழுதியிருக்க மாட்டான் எண்டு சொன்ன வாய் இது.

ஒரு வழி இருக்கிறது. சீராக்கியைப் பேசாமல் திருத்தி ஏற்றிவிடலாம். எங்கள் பக்கத்தில் இதை விளங்கக்கூடிய ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. காலையில் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அந்த யோசனை எனக்குள் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ரம்ஸியாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "நாளைக்கே போங்க. திருத்த முந்திப் போங்க. திருத்திட்டுப் போனா என்னத்தக் காட்டுவீங்க?" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

சாஹுல் நானாவிடம் மரம், கணு என்று விளக்கப் பார்த்தேன். அவர் தலையில் ஒன்றும் ஏறவில்லை. டெப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். "# போட்டு ஏதாவது எழுதுங்க, நானா."

ஒற்றை விரலால் எழுதினார்: "# சாஹுல் ஹமீது இங்க நிக்கிறன்."

"சேமி எண்டு அமத்துங்க. இப்ப திறங்க."

திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். இன்னொரு தடவை எழுதி, இன்னொரு தடவை சேமித்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப அந்தப் பொடியன்..."

"எழுதியிருக்கிறான், நானா. நான் சொன்னதுதான் பிழை."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அவன நாய விரட்டின மாதிரி விரட்டினனான், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். மோட்டாரைப் பழுது பார்க்காமல் இழுத்தடித்தது தான்தான் என்றும் சொன்னார். அதை அவர் சொன்னதால் என் பங்கு குறையவில்லை.

ஜூலை 30, புதன்

டெப்பையும் சங்கிலியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு பள்ளிவாசல்துறைக்குப் போனேன். மனுவேல் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலக்கை முழங்கை வரை கட்டு. மக்தலேனா கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் டெப்பைத் திறந்து, இதிலே எழுதினால், சேமித்தால் என்று தொடங்கினேன். மக்தலேனா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அதெல்லாம் விளங்காது, தங்கச்சி. எங்கட பொடியன் எழுதினானா, இல்லையா? அதச் சொல்லுங்க."

"எழுதினவன். நான் செய்த ஒன்றுதான் அதை அழித்தது."

அவர் உடனே எழும்பி வெளியே போனார். வளவின் மற்றப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று அவர் கிளைட்டனைக் கூப்பிடுவது கேட்டது. யாரும் வரவில்லை. அவன் நீர்கொழும்புப் பக்கம் வேலை தேடிப் போயிருந்தான்.

 நான் வெளிக்கிடும்போது மனுவேல், "தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வருவான். வருசா வருசம் நாங்க ரெண்டு பேருந்தான் நடந்து போறது" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சீராக்கியை நிறுத்தி வைத்துவிட்டுக் குறிப்புக் கணு செய்துகொண்டிருக்கிறேன். நினைத்த அளவு லேசில்லை. மற்றக் கணுக்களுக்கெல்லாம் தாய் யார் என்று இலக்கணம் சொல்லிவிடும். குறிப்பு எங்கேயும் வரும். ஒரு விதிக்கு மேலே வந்தால் அந்த விதியைப் பற்றியதா? வரியின் வாலில் வந்தால்? கோப்பின் கடைசியில், ஒன்றுக்கும் சேராமல் வந்தால்? "பாண் முடிஞ்சுது" எந்தச் சக்கரத்தைச் சேரும்?

கடைசியில் இப்படி முடிவு செய்தேன். பக்கத்தில் விதி இருந்தால் அதோடு தொங்கட்டும். இல்லாவிட்டால் கோப்பின் வேரோடு நேரே தொங்கட்டும். விளங்காததற்காக எதையும் எறிவதில்லை.

புதுச் சோதனைகள் எழுதினேன். கட்டளையோடு குறிப்புகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும். முதல் சோதனைக் கோப்பில் கிளைட்டன் எழுதியதாகச் சொன்ன வரியைப் போட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கிளைட்டன் திரும்ப வந்துவிட்டான். சாஹுல் நானாவே போய்க் கூட்டி வந்தாராம். மனுவேலுக்கும் கை ஓரளவு ஆறிவிட்டது, கனமில்லாத வேலைக்கு வருகிறார். இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்று நானா சொன்னார். திருவிழாவுக்கு மனுவேல் தனியாகத்தான் நடந்து போயிருக்கிறார்.

புதுச் சீராக்கியை ஏற்றினேன், இந்த முறை நேரில் போய், எல்லாருக்கும் காட்டி. கிளைட்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, மிஸ்" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதால் எனக்குத்தான் கொஞ்சம் லேசானது, அவனுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. கொட்டில் கதவில் சோக்கால் எழுதிக்கொள்கிறார்கள். மழை வந்தால் போய்விடும். ஆனாலும் என் பெட்டியை விட அதைத்தான் நம்புகிறார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

நாலு கோப்பிலும் குறிப்புக் கணு ஒன்றும் இல்லை. யாரும் # போட்டு எழுதவில்லை.

செப்டெம்பர் 3, புதன்

வழமை போல் வீட்டிலிருந்தே பண்ணைக் கோப்புகளின் மரங்களைப் பார்த்தேன். மூன்றாம் சக்கரத்தின் "என்றால்" கணுவுக்கு மேலே இரண்டு குறிப்புக் கணு தொங்கின. முதலாவது நேற்றுப் பின்னேரம் சேமித்தது.

# மாமா இந்த எழுத்து நிக்குமா

இரண்டாவது இன்று காலையில்.

# நிக்குது மருமோன். இடக்கையால எழுதுறன். தூணத் தொடல்ல. ராவைக்கு மாமி உன்னச் சாப்பிட வரட்டாம்

நான் ஒன்றும் எழுதவில்லை. சீராக்கியை இன்னொரு தடவை ஓட்டிவிட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரியும் இருந்தன.