ஐம்பத்தெட்டில் வரும் நடுக்கம்

என் பிரியமான அண்ணனுக்கு,

உன் வண்டியின் நடுக்கம் நின்றுவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. ராஜபாளையத்திலிருந்து தினமும் உன் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். முதல் வாரம் ரோட்டில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இப்போது யாரும் திரும்புவதில்லை.

அம்மா மட்டும் தினமும் பார்த்தாள். உனக்கு மஞ்சள் காமாலை ஏன் வந்தது என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. டாக்டர் சொன்ன பதில் இல்லை. “வண்டிச் சூடும் அந்த உதறலும்தான் எம்புள்ள ஈரலைக் கலக்கிருச்சு” என்பாள். கன்னியாகுமரிக்கும் மூணாறுக்கும் நீ போய்வந்த தூரமெல்லாம் அவள் மனதில் நோயாக மாறியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ டம்ளரை எடுக்கும்போது என் கையும் லேசாக நடுங்கும். அதை அவள் பார்த்துவிட்டாள்.

ஆனி கடைசியில் சொன்னாள். “ஏட்டி, ஒன்னையும் அதுக்குக் குடுக்க முடியாது. ஆவணி பொறந்ததும் சித்தப்பா ஆள் கூட்டிட்டு வாராரு. வித்துரு.”

“நடுக்கம் நின்னுட்டா?”

“நிக்கட்டும். பொறவு பாப்போம்.”

ஆடியில் யாரும் வண்டி வாங்கமாட்டார்கள். அதனால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

அந்த நடுக்கம் உனக்குத் தெரியும். ஸ்பீடோமீட்டரில் ஐம்பதுவரை ஒன்றுமிருக்காது. ஐம்பத்தெட்டைத் தொட்டதும் கால் வைக்கும் இடத்தில் ஆரம்பித்து, சீட்டுக்கு ஏறி, கடைசியில் ஹேண்டில்பாரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மெக்கானிக் கிட்டு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பின் சக்கரத்தைச் சந்தேகப்பட்டார். ஸ்போக்ஸை இழுத்துக் கட்டிக் கோட்டம் எடுத்தார். நடுக்கம் இருந்தது. பேரிங்கை மாற்றினார். இருந்தது. செயினை மாற்றினார். அப்போதும் இருந்தது.

“வண்டிக்கு வயசாயிருச்சு டீச்சர்” என்றார். “காலையில எந்திரிச்சா எனக்கும்தான் கை நடுங்குது. எனக்கு யாரு பேரிங் மாத்துதா?”

ஆடி பாதி முடிந்திருந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நேரான ரோட்டில் ஐம்பத்தெட்டில் வைத்துக் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைக் குறைத்தேன். வண்டி அதே வேகத்தில் உருண்டது. நடுக்கம் இல்லை. கிளட்சை விட்டேன்; வந்துவிட்டது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். ஐந்து தடவையும் சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றியது. அப்படியானால் சக்கரத்தின்மேல் குற்றமில்லை; எஞ்சின் பக்கம்தான் ஏதோ. இத்தனை நாளும் நாங்கள் நிரபராதியை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

“இதை எந்தப் புத்தகத்துல படிச்சீய?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“படிக்கல. ஒண்ணொண்ணா விலக்கிப் பாத்தேன்.”

“நானும் அதைத்தான் செஞ்சேன். என்ன, கழட்டிக் கழட்டிச் செஞ்சேன்.”

எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் தகடுகளின் போல்ட்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அவர் எஞ்சினை முறுக்க, நான் குனிந்து தகடும் சட்டமும் சேரும் இடத்தில் விரலை வைத்தேன். தகடு ஒருவிதமாக நடுங்கியது, சட்டம் வேறுவிதமாக நடுங்கியது. இரண்டுக்கும் நடுவில் என் விரலுக்கு ஏதோ மெத்தென்று இருந்தது.

அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். வருஷக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. தெலுங்கில் ஏதோ முனகினார். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, போல்ட்களைக் கழற்றி, நான்கு துண்டு ரப்பரை எடுத்துத் தரையில் வைத்தார். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.

“இது மில்லு ரப்பர்லா! மெசின் காலுக்கடியில போடுதது. இதை எந்த மடையன் இங்க கொண்டாந்து வச்சான்?”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நீ மில்லில் ஃபிட்டராக இருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “மடையன்னதை மனசுல வச்சிக்கிடாதீய” என்றார்.

மில்லில் மெஷினைத் தரையிலிருந்து பிரித்து வைத்தால் அதிர்வு குறையும். இந்த வண்டியில் எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதி. இரும்போடு இரும்பு உட்கார வேண்டும். நடுவில் ரப்பர் வந்ததும் எஞ்சின் தனியாக ஆட ஆரம்பித்துவிட்டது. நசுங்க நசுங்க ஆட்டம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அண்ணாச்சி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நான் வேறு ஒன்றைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். நீ அதை வைத்தது எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கு முந்தின வாரம் குற்றாலம் போயிருந்தோம். திரும்பும் வழியில் புளியங்குடி டீக்கடையில் இறங்கியதும் என்னால் நிற்க முடியவில்லை. “காலு ரெண்டும் மரத்துப்போச்சு. இனிமே நான் பஸ்ஸுல வாரேன், நீ ஒன் வண்டியில வா” என்றேன். கல்லூரி முதல் வருஷம்; வாய் அதிகம். நீ டீயைக் குடித்தாய். அடுத்த ஞாயிறு காலை, தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்க, நீ வண்டிக்கடியில் கிடந்தாய். என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என் கையில் புத்தகம் இருந்தது.

சாயங்காலம் செண்பகத்தோப்பு வரை கூட்டிப்போனாய். “இப்ப எப்படி இருக்கு?” என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாய். கால் அப்போதும் மரத்தது. புதிதாகச் சீட்டும் உதறியது. ஆனால் உன் சட்டைக் கையில் கிரீஸ் அப்பியிருந்தது.

“நல்லாருக்குண்ணே” என்றேன்.

மில்லில் சத்தத்தை வைத்தே எந்த ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நீ. அந்த உதறல் உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக விட்டுவைத்தாயா? மூணாறு மலையில் தனியாக ஏறும்போதும் அதைத் தாங்கிக்கொண்டுதான் போனாயா?

ரப்பர் எப்படி வந்தது என்பதை அம்மாவிடம் மறைக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மறைக்கவில்லை. அவள் ஒரு துண்டைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

“அவனா வச்சான்?”

“ஆமா. எனக்காக வச்சது. எடுத்தாச்சு, இப்ப உதறலை. காமாலைக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாருல்லம்மா.”

“சொன்னாரு. அவரு அதுல உக்காந்து பாத்தாரா?” என்றாள். “நான் உக்காந்து பாக்கேன்.”

ஆடிக் கடைசித் திங்கட்கிழமை மடவார் வளாகம் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஒருச்சாய்த்து உட்கார்ந்து, என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள். ஐம்பத்தெட்டு வந்தது. அறுபது வந்தது. உதறல் இல்லை. கோயில் வாசலில் இறங்கியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கால் மரத்துப்போச்சுட்டி.”

“மரக்கத்தாம்மா செய்யும். இந்த வண்டி அப்படித்தான்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்முன் திரும்பி, “அவன்ட்டயும் இப்படிச் சொல்லியிருக்கலாம்லா?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்ததும் சித்தப்பா ஆளோடு வந்தார். அம்மா வாசலிலேயே, “அது விக்கிறதுக்கில்ல. காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். ரப்பர் துண்டுகள் இப்போது நம் கிரைண்டரின் நான்கு கால்களுக்கடியில் இருக்கின்றன. மாவு ஆட்டும்போது அது முன்போல நகர்ந்து நகர்ந்து சுவரை முட்டுவதில்லை.

அண்ணே, ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி யாராவது எனக்காக ஒன்றைச் செய்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர்கள் சட்டையைப் பார்க்கமாட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

கால் மரக்க மரக்க ஓட்டிக்கொண்டிருக்கும்,
உன் பின்சீட்டுத் தங்கை