சூடு மாறாத நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். வெளியே வாயைத் திறந்தால் 'ஆரம்பிச்சுட்டாருய்யா' என்பார்கள். இங்கே எழுதினால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள்.

இன்று காலை எங்கள் துறைக் கணினி ஆய்வகத்தில் கதவோர வரிசை முழுக்கப் பைகள் உட்கார்ந்திருந்தன. ஆட்கள் இல்லை. இடம் கிடைக்காத பிள்ளைகள் தாழ்வாரத்தில் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். ஜன்னலோரக் கணினியைப் பூட்டிவிட்டு, விசைப்பலகை மேல் குடையை வைத்துவிட்டுப் போயிருந்தாள் அந்த ஆய்வு மாணவி. திக்கிப் பேசும் குழந்தைகளின் குரலைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பதிவு செய்து ஆராய்கிறவள். நல்ல வேலைதான். அதற்காக ஒரு பொதுக் கணினியைப் பட்டா போட்டுக் கொடுக்க முடியுமா? காத்திருந்து பார்த்தேன். பிறகு கணினியை அணைத்து, குடையை மேசைக்கடியில் வைத்து, வெளியே நின்றவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். விதி அப்படித்தான் சொல்கிறது. கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியவன் நான்.

திரும்பி வந்தவள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "சார், உங்களுக்கு என்மேல அப்படி என்ன கோபம்?"

பின்வரிசையில் யாரோ "சட்டாம்பிள்ளை" என்று முனகி, நாலு பேர் சிரித்தார்கள்.

நேரே துறைத்தலைவரிடம் போய்விட்டாள். அவன் என்னைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்" என்றான்.

ஆம், 'அவன்'தான். படிக்கிற காலத்தில் விடுதியில் ஒரே அறை. அவன் நெட்டையன், நான் பண்டிதன். அவன் துறைத்தலைவன் ஆனான். நான் ஆய்வகப் பொறுப்பாளன் ஆனேன். அவனுடைய முனைவர் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தை உட்கார்ந்து திருத்தி எழுதியது யார் என்று அவனுக்குத் தெரியும். நன்றியுரையில் நான் 'மற்றும் நண்பர்களுக்கு' என்பதற்குள் இருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

அந்தப் பெண் இன்று வணக்கம் சொல்லவில்லை. வேண்டாம், நானும் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

எங்கள் சர்வர் கிழடு தட்டிவிட்டது. கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வரலாம், அதற்குப் பிறகுதான் உள்ளே விடும். இதனால் ஆசிரியர்களுக்குள் ஒரு கெட்ட வழக்கம். ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமலே எழுந்துகொள்வார், அடுத்தவர் அதே கணக்கில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பார். 'சூடு மாறாம உட்கார்றது' என்று இதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். இதையே ஒரு மாணவன் செய்தால் மூன்றாம் விதிப்படி ஒரு வாரம் உள்ளே விட மாட்டேன். ஆசிரியர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்று பிள்ளைகள் போன பிறகு நெட்டையன் வந்து என் தலைக்கு மேல் நின்றான். "எழுந்திருடா பண்டிதா, ஒரு சின்ன வேலை."

"இரு, வெளியேறிட்டுத் தர்றேன்."

"ஐயோ சாமி, வேணாம். மறுபடி உள்ள போறதுக்குள்ள நான் ஓய்வு பெற்றுடுவேன்."

வெளி நிறுவனம் ஒன்றுக்குத் திட்டம் செய்து கொடுக்கிறான். திங்கள்கிழமை அதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். பொதுச் சேமிப்பில் இடம் போதவில்லை என்று ஒரு வாரமாக ஒரே புலம்பல். "மாணவர் பகுதியை மட்டும் தொட்டுடாதே" என்று சொல்லித்தான் எழுந்தேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா? போ, கிடங்குல புது கீபோர்டு வந்திருக்காம், போய்ப் பாரு" என்றான். போனேன். கீபோர்டும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான். என் கணக்கு திறந்தபடி கிடந்தது. உதவியாளர் அம்மா மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 7, வெள்ளி

எப்படி எழுதுவது இதை?

அவளுடைய கோப்புறையைக் காணோம். குரல் பதிவுகள் அவ்வளவும். பொதுச் சேமிப்பிலேயே பெரியது அதுதான். இடம் தேடுகிறவன் கண்ணில் முதலில் அதுதான் படும். அழித்தது யார் கணக்கு என்று சர்வரில் பார்த்தார்கள். என் கணக்கு.

அவள் ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு இப்ப திக்கலே இல்ல சார். அந்தக் குரலை நான் இனிமே எங்க போய்க் கேட்பேன்?" யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு குடைக்காகவா சார்?"



மாற்றுப் பிரதி எடுத்து வைக்க ஒரு கருவி வேண்டும் என்று வருடா வருடம் எழுதிக் கேட்டேன். வருடா வருடம் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்றது யார்? அதே ஆள்தான் கதவருகே வந்து நின்றான். ஆய்வகத்தைப் பூட்டி முத்திரை வைக்கச் சொன்னான். என் பக்கம் திரும்பாமலே, "விசாரணை முடியற வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம்" என்றான்.

மாணவர்கள் எதிரில் 'நீங்க' என்பது வழக்கம்தான். ஆனால் அப்போது கூடவே கண்ணால் ஒரு சிரிப்பு இருக்கும். இன்று அது இல்லை.

பலர் முன்னால் ஒப்புக்கொள்ளக் கூசியிருப்பான். தனியாகச் சொல்லுவான். தெரியாமல்தானே செய்தான்.

மார்ச் 8, சனி

சொல்லவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

விசாரணைக் குழு. நடு நாற்காலியில் அவன்.

இருபுறமும் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் தூங்கி வழிந்தார், மற்றவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். வியாழன் அன்று என் நாற்காலியில் துறைத்தலைவர்தான் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னேன்.

அவன் பதறவில்லை. "என்னைக்கோ ஒரு நாள் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் உட்கார்ற நாற்காலிதானே அது" என்றான். பிறகு கதவிலிருந்து பிய்த்து எடுத்து வந்திருந்த விதித்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தான்: "ஒரு கணக்கில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்கின் உரிமையாளரே பொறுப்பு. இது நீங்க எழுதின வரிதானே?"

"ஆமாம்."

"அவ்வளவுதான். வேற கேள்வி இல்லை."

அந்த வரியில் 'உரிமையாளர்' என்று இருக்க வேண்டுமா, 'பயன்படுத்துபவர்' என்று இருக்க வேண்டுமா என்று அன்றைக்கு அவனோடுதான் உட்கார்ந்து விவாதித்தேன். "உரிமையாளர்னே போடுடா, அப்பதான் பயப்படுவானுங்க" என்றவன் அவன்.

மார்ச் 12, புதன்

உதவியாளர் அம்மாவைப் படிக்கட்டில் பார்த்தேன். அவன் என் இடத்தில் உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள். அவரே முந்திக்கொண்டு பேசினார்.

"பார்த்தேன் சார், இல்லைங்கல. ஆனா என்னை இழுத்து விட்டுடாதீங்க. தலைவர் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே என்னை நிறுத்திடுவாங்க. நீங்க படிச்சவங்க, எப்படியாவது பொழச்சுக்குவீங்க."

படித்தவன் எப்படிப் பிழைப்பான் என்று அவருக்கு யார் சொன்னது? கோபம் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் ஒதுங்கிப் போன விதத்தைப் பார்த்ததும் அதுவும் அடங்கிவிட்டது. அவர் எனக்கு ஒன்றும் கடன்பட்டவர் இல்லை. கடன்பட்டவன் வேறு.

மார்ச் 13, வியாழன்

சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான். உரிமையோடு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். "தங்கச்சி, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்மா."

மனைவி, "அவர்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதாண்ணா. அதையும் மாத்தணுமா?" என்றாள். எப்போதும் அவன் கேட்காமலே காபி வரும். இன்று தண்ணீர்கூட வரவில்லை.

ஒரு தாளை நீட்டினான். என் கவனக்குறைவால் கோப்புகள் அழிந்தன என்று நானே ஒப்புக்கொள்ளும் அறிக்கை. "கவனக்குறைவுன்னுதாண்டா போட்டிருக்கு. வேணும்னே செஞ்சான்னு போடல. அதுக்கு நான் எவ்வளவு போராடினேன் தெரியுமா?"

"அழிச்சது நீதானேடா?"

"தெரியாம அழிச்சுட்டேன். தெரிஞ்சா செய்வேனா? புலத்தலைவர் பதவிக்கு என் பேர் போயிருக்கு. இந்த நேரத்துல இது வெளிய வந்தா நான் காலி."

"அப்ப நான்?"

"உனக்கு என்னடா போகுது? நீ இருக்கிற இடத்துலயேதானே இருக்கப் போற."

கேலியாகச் சொல்லவில்லை. மனதார ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னான். அதுதான் இன்னும் குடைகிறது.

கையெழுத்துப் போடாவிட்டால் பல்கலைக்கழகம் பெரிய விசாரணை வைக்கும், சம்பளத்தை நிறுத்தும், ஓய்வூதியம் இழுபறியாகும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 14, வெள்ளி

போட்டுவிட்டேன். மனைவி வழக்கம்போல் சோறு போட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

பல் துலக்கும்போது சட்டென்று உறைத்தது: சனிக்கிழமை!

விதி ஐந்து: கணினியின் உள்வட்டில் எதையும் சேமிக்கக் கூடாது. சேமித்தவை சனிக்கிழமை காலை துடைக்கப்படும். துடைப்பது நான்தான், வேறு யாருக்கும் அதைச் செய்யத் தெரியாது. ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. ஆனால் இந்த இரண்டு சனிக்கிழமையும் நான் உள்ளே போகவில்லை. என்னைத்தான் விடவில்லையே.

அவள் விதியை மதிக்கிறவள் இல்லை. வலைவழியே ஒலிக்கோப்புகளைத் திறந்தால் தாமதமாகிறது என்று எல்லாவற்றையும் ஜன்னலோரக் கணினிக்குள் இழுத்துப் போட்டுத்தான் வேலை செய்வாள். இதற்காகவே இரண்டு முறை கண்டித்திருக்கிறேன். அந்த வாரம் கடைசித் தொகுப்பு வேலை. முழுவதையும் இறக்கியிருப்பாள். வெள்ளிக்கிழமை இருந்த அதிர்ச்சியில் அவளுக்கு அது நினைவுக்கு வந்திருக்காது, அன்றே அறையையும் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை எல்லாம் தானாகவே துடைக்கப்பட்டிருக்கும் என்று அவள் தேடிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 'ஒரு குடைக்காகவா' என்று கேட்டவள்தானே. தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அவன் காதுக்குப் போனால் தடயம் என்று பயந்து அதையும் துடைக்கச் சொல்லிவிடுவானோ என்ற சந்தேகம். அதனால் நேரே அவளிடம் போனேன். உணவகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "ஜன்னலோரக் கணினியோட உள்வட்டைத் திறந்து பாரும்மா. இந்த ரெண்டு வாரமா யாரும் துடைக்கல." தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

மார்ச் 18, செவ்வாய்

துறைத்தலைவரை நச்சரித்து முத்திரையைப் பிரிக்க வைத்து, கூடவே நின்று திறந்து பார்த்தாளாம். எல்லாம் இருக்கிறதாம். ஒரு குரல்கூடக் குறையவில்லையாம்.

தாழ்வாரத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்த மடையன் நான்.

"அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

விளக்கினேன். விதி, சனிக்கிழமை, பூட்டு, எல்லாம். தலையாட்டிக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அழிச்சுட்டு, அப்புறம் மனசு கேட்காம திருப்பி வச்சிருக்கீங்க. பரவால்ல சார். கிடைச்சதே போதும்."

மன்னித்துவிட்டாள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு நிற்பது என்னவென்று இன்றுதான் தெரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். கையெழுத்துப் போட்டவன் என்ன பேசுவது?

மார்ச் 19, புதன்

சுற்றறிக்கை: 'துறைத்தலைவரின் உடனடி முயற்சியால் ஆய்வுத் தரவுகள் முழுமையாக மீட்கப்பட்டன.'

மார்ச் 21, வெள்ளி

பழைய விடைத்தாள் அறைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை, கணினியும் இல்லை. இருக்கிற இடத்திலேயே இருப்பேன் என்றானே.

அது போகட்டும். என்னால் பொறுக்க முடியாதது இன்று மதியம் கேட்டது. அந்தப் பெண் தன் சந்தேகத்தை அவனிடம் கேட்டிருக்கிறாள், நான்தான் ஒளித்து வைத்திருந்தேனா என்று. 'இல்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் பதவியில் ஒரு துரும்பும் அசைந்திருக்காது. அவன் சொன்னானாம்: "விடும்மா. அவர் குணம் அப்படி. கடைசில திருப்பிக் கொடுத்துட்டார் இல்ல, பெரிய மனசு பண்ணி மறந்துடு."

உதவியாளர் அம்மாதான் சொன்னார். அவன் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். சொல்லிவிட்டு, "இதுக்கு மேல என்னால வயித்துக்குள்ள வச்சுக்க முடியல சார்" என்றார்.

பயத்தில் பொய் சொன்னான், புரிந்துகொண்டேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைத் தள்ளினான், அதையும் செரித்தேன். இப்போது எதற்கு? எந்தப் பயமும் இல்லாதபோது, எந்த ஆதாயமும் இல்லாதபோது, என்னைத் திருடனாக்கித் தான் பெரிய மனிதனாகிறான்.

அவனுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். என்னைப் பயன்படுத்துவது அவனுக்குப் பழகிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். கதவில் விதித்தாள் இல்லை. பிய்த்தவன் திரும்ப ஒட்டவில்லை.

நேற்று முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதினேன். ஒவ்வொரு விதியின் கீழும் அது ஏன் வேண்டும் என்பதற்கு நடந்த கதை. பையை வைத்து இடம் பிடிக்காதே என்பதன் கீழே தாழ்வாரத்தில் நின்ற பிள்ளைகள். சேமிப்பில் இடமில்லையென்றால் கேள், அழிக்காதே என்பதன் கீழே குழந்தைகளின் குரல்கள். அடுத்தவர் கணக்கில் உட்காராதே என்பதன் கீழே மார்ச் ஆறாம் தேதி: யார் எழுந்தது, யார் உட்கார்ந்தது, யாரைக் கிடங்குக்கு அனுப்பியது. துறைத்தலைவர் என்றே எழுதியிருக்கிறேன். அந்த அம்மா பார்த்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கணக்கைத் திறந்தபடி விட்டு நான் எழுந்து போனதும், பயந்து பொய்க்குக் கையெழுத்துப் போட்டதும் இருக்கின்றன.

மனைவி படித்துப் பார்த்தாள். "இது ஒட்டினா சம்பளம் நிக்குமா?"

"நிக்கலாம்."

"சரி." தாளின் அடியைப் பார்த்துவிட்டு, "கீழே பேர் போடலையே?" என்றாள்.

"போடப் போறதில்ல."

"போடலைன்னா மட்டும் தெரியாதாக்கும். அந்தக் கட்டடத்துல அரைப்புள்ளி வைக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

தெரியட்டும். ஒளிந்துகொள்வதற்காக இல்லை இது. நாளைக் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய் ஒட்டிவிட்டு விடைத்தாள் அறைக்குப் போய்விடுவேன். அடியில் கையெழுத்துக்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். போட வேண்டியவன் வந்து போடட்டும்.